எந்த எண்ணெய்க்கும் அடங்காத பரு

போன மாதம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைத்ததுமே அந்த வாசனை என் மேல் வந்து மோதியது. தைலமும் கற்பூரமும் கலந்தாற்போல மூக்கின் உச்சிக்கு ஏறிக் குத்துகிற வாசனை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பாய். பருவுக்குப் போடும் டீ ட்ரீ எண்ணெய்.

என் மகள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். நீ தூக்கி வைத்துக் கொஞ்சிய அதே வாண்டுதான். இப்போது பதின்மூன்று வயது, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஒரு கையில் சின்னப் பழுப்புக் குப்பி, இன்னொரு கையில் பஞ்சு. நெற்றி முழுவதும் சிவப்புச் சிவப்பாகப் பரு. பள்ளித் தோழி ஒருத்தி கொடுத்தாளாம்.

"அப்படியே தடவாத கண்ணு. எரிஞ்சு புண்ணாயிரும். வேற எண்ணெயில ரெண்டு சொட்டு கலந்துதான் போடணும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது, அது உன் வாயிலிருந்து நான் கேட்ட வாக்கியம். அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "எந்துக்கு மம்மி அலா சூஸ்துன்னாவ்?" என்றாள். ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்கிறாள். நான் தமிழில் பேசினால் அவளுக்குப் பதில் தெலுங்கில்தான் வரும்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு வாளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு நெற்றியில் பரு வருவது உலக வழக்கம். அது எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் ஒரு பரு கண்ணில் பட்டவுடன் எங்கேயோ ஓடிவிடுகிறது. உன் முகம்தான் வந்து நிற்கிறது.

நீ இந்தத் தெலுங்கு ஊரிலேயே, ஏ.எஸ்.ராவ் நகரில், பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். உன் அப்பா, நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், அங்கிருந்த மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உன் அம்மா, நீ கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் சிரித்தே விரட்டிவிட்டு அப்பாவோடு இருந்தாய். நான் கணவரின் வேலைக்காகக் கரூரிலிருந்து வந்து கொண்டாப்பூரில் வீடு பிடித்தவள். நீ இருந்த அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் நாள், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கேட்டாய்.

"தமிழா? எந்த ஊரு?"

"கரூருங்க."

"ஹவ்? அப்ப இன்னிலேருந்து உன் பேரே கரூருதான்."

அதற்குப் பிறகு நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', உன் தமிழ் அப்படி. நான் உன்னை 'புள்ள' என்று கூப்பிட, அந்தச் சொல்லை நீ வாயில் போட்டு உருட்டி உருட்டிச் சிரித்தாய். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் நம் இருவருக்கும் வேலை. அதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அத்தனை பேரும் கைகழுவிய இடத்தில் நீ போய் ஒன்றைத் தோண்டி எடுத்து வருவாய்.

முகப்பரு அந்த நாட்களில் என் சொத்து. எண்ணெய் வழியும் முகம் எனக்கு. மதியத்துக்குள் நெற்றியில் அப்பளம் பொரிக்கலாம் என்பாய். உன் முகமோ துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். முப்பத்து நாலு வயது வரை உனக்கு ஒரு பரு வந்து நான் பார்த்ததில்லை. அந்த வருட மழைக்காலத்தில்தான் உன் முகவாயில் முதலில் நாலைந்து வந்தது. பிறகு கன்னத்தில், கழுத்தில், முதுகில். காலையில் கழுவிய முகம் அலுவலகம் வந்து சேர்வதற்குள் எண்ணெய் பூசியது போல மின்னும்.

"பள்ளிக்கூடத்துல வர வேண்டியது. லேட்டா வந்து சேந்திருக்கு" என்று சிரித்தாய்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முல்தானி மட்டி, எலுமிச்சை, பற்பசை. நீ எதையும் கேட்கவில்லை. எண்ணெய்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாய். சோப்புப் போட்டு வறட்ட வறட்டத் தோல் இன்னும் அதிகமாகச் சுரக்குமாம்; சரியான எண்ணெயை அளவாகப் போட்டால் அது அடங்குமாம். "எண்ணெய் வழியற மூஞ்சில போய் எண்ணெயா? கைக்கு, எதுக்கு?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டதற்கு, "எண்ணெய்தான் எண்ணெயைக் கரைக்கும்" என்று ஒரே போடாகப் போட்டாய். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த செக்குத் தேங்காயெண்ணெயை நீட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டாய். "நக்கோ கரூரு. தலைக்குக் குடு, வாங்கிக்கறேன். மூஞ்சிக்கு நக்கோ. துளையெல்லாம் அடைச்சுரும்."

பிறகு உன் சோதனை தொடங்கியது. வலது கன்னத்துக்கு ஜோஜோபா எண்ணெய், இடது கன்னத்துக்கு ஒன்றும் கிடையாது. சில வாரங்கள் கழித்து வலது கன்னத்துக்குத் திராட்சை விதை எண்ணெய். அதற்கும் பிறகு டீ ட்ரீ எண்ணெயை ஜோஜோபாவில் சொட்டுக் கணக்கில் கலந்து பரு மேல் மட்டும் வைத்தாய். வேப்பெண்ணெய் போட்டு வந்த அன்று லிஃப்டில் உன்னோடு ஏறியவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள். நாம் இருவரும் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குச் சில்லிட்டுப் போகிறது. அன்றைக்கே அது உனக்குள் இருந்திருக்கிறது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே டப்பாவை மூடி வைத்தாய்.

"ஒண்ணு கவனிச்சியா கரூரு? எண்ணெய் போட்ட பக்கமும் போடாத பக்கமும் ஒரே மாதிரி இருக்கு."

"அப்படின்னா எண்ணெய் வேலை செய்யலையா புள்ள?"

"எண்ணெயால கொறையவும் இல்ல, எண்ணெயால கூடவும் இல்ல. ரெண்டு பக்கமும் சமமா மோசமாகுது." மூடிய டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "பிழை தோல்ல இல்ல. வேற எங்கயோ இருக்கு."

வேலையில் பேசுவது போலவே சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆனால் நானும் என் டப்பாவை மூடிவிட்டேன். நீ அந்தக் குரலில் 'வேற எங்கயோ இருக்கு' என்று சொன்னபோதெல்லாம் அது அங்கே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு இருவரும் பார்க்கத் தொடங்கினோம். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உன் முகம் நிலா மாதிரி உருண்டு வந்தது. கையும் காலும் மெலிந்தன. மேசை முனையில் லேசாக இடித்தால்கூடத் தோல் நீலம் பாய்ந்தது. ஒரு மாடி ஏறுவதற்குள் தொடை நடுங்குகிறது என்று உட்கார்ந்தாய். மேலுதட்டில் ரோமம் கறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கைப்பேசிக்கு அழைத்தேன். ஆண் குரல் எடுத்தது.

"அங்கிள், அவ இல்லீங்களா?" என்றேன்.



"நான்தான் பேசறேன் கரூரு" என்றாய்.

தினமும் நேரில் கேட்டுப் பழகியதில், உன் குரல் தடித்துக்கொண்டே வந்தது எனக்குத் தெரியவே இல்லை. என் பயம் உனக்குக் கேட்டுவிட்டது போல. "எனக்கும் பயமா இருக்கு. நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வர்றியா?" என்று கேட்டாய். எதற்கும் யாரையும் துணைக்குக் கூப்பிடாத நீ அப்படிக் கேட்டதுதான் எனக்கு இன்னும் அதிகப் பயமாக இருந்தது.

கொண்டாப்பூரில் என் வீட்டுப் பக்கத்துத் தோல் மருத்துவரிடம்தான் போனோம். தெலுங்குக்கார அம்மா. நீ பருக்களைப் பற்றியும் போட்ட எண்ணெய்களைப் பற்றியும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தாய். அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மீ வாய்ஸ் மொதட்டி நுஞ்சி இலாகே உந்தா?" என்றார். உங்கள் குரல் முதலிலிருந்தே இப்படித்தானா?

இல்லை என்று நீ தலையை மட்டும் ஆட்டினாய். அதற்கு மேல் குரலை வெளியே விட உனக்குப் பயம்.

அவர் முகத்துக்கு மருந்தே எழுதவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், ஸ்கேனுக்கு எழுதினார், நாளைக்கே எடுத்துவிடுங்கள் என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது நீ என் கையைப் பிடித்தாய். சாலையில் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பூக்காரர் ஒருவர் மல்லிகை வேண்டுமா என்று கேட்டார். இருவரும் வந்து நின்ற முதல் ஆட்டோவில் ஏறிக்கொண்டோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தது போல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. அதில்தான் கட்டி, உன் மூடிய கையைவிடப் பெரியது. அது வேண்டாத ஹார்மோன்களையெல்லாம் இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் வழிந்தது, பரு வெடித்தது, குரல் தடித்தது, எல்லாம் அதன் வேலை. புற்று என்ற சொல்லை அவர் மிகவும் மெல்லச் சொன்னார். அங்கிளுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன சொன்னார்?" என்று என்னைக் கேட்டார். அந்தச் சொல்லை அவர் காதருகே நான் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

நீ மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "நான் போட்ட எண்ணெய்னால வந்ததா டாக்டர்?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

உடனே அப்பா பக்கம் திரும்பினாய். "கேட்டீங்களாப்பா? எண்ணெய் மேல தப்பில்லையாம்." அவர் உன்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கோடை வந்தபோது உன் முகம் திரும்பி வந்தது. வீக்கம் வடிந்து, குரல் பாதி மீண்டு, கன்னம் பழைய தட்டு மாதிரி தெளிந்தது. அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி நின்று, "என்ன போடறீங்க, முகம் இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டார்கள். "ஒரு சுரப்பியைக் கழட்டிப் போட்டுட்டேன்" என்றாய். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

அந்தக் காலம்தான் எனக்கு அதிகப் பயம் தந்தது என்றால் நம்புவாயா? நோய் இருந்தபோது அது எங்கே இருக்கிறது என்று தெரியும். இப்போது எங்கே பார்த்துக்கொண்டிருப்பது? உன் முகத்தைத்தான். அது திரும்பி வந்தால் முதலில் அங்கேதான் தெரியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவே நம்மிடம் இருந்தது ஒரு ஜன்னல். அலுவலகக் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிழக்கு வெயில் விழும் ஜன்னல். திங்கட்கிழமைகளில் நீ அங்கே போய் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு நிற்பாய். நான் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் இருவரும் காபியை எடுப்போம்.

ஒருமுறை நெற்றியில் ஒன்று வந்தது. உன் அப்பாவுக்குச் சொல்லாமல் இருவரும் ஓடினோம். பரிசோதனையில் ஒன்றுமே இல்லை. வெறும் பரு, எல்லோருக்கும் வருகிற பரு. அன்று எதிரே இருந்த இரானி ஓட்டலில் உட்கார்ந்து, சர்க்கரை தூவிய பிஸ்கட்டோடு சாயா குடித்தோம். நெற்றிப் பருவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு அழகான பரு பாத்தியா கரூரு" என்றாய். சர்க்கரைத் தூள் ஒட்டிய உன் உதடும் அந்த ஒற்றைப் பருவும் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் இருக்கின்றன.

பிறகு ஒரு திங்கட்கிழமை நீ முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாய். மேசைக்குப் போகாமல் நேராக ஜன்னலுக்குப் போனாய். கவசத்தை இறக்கினாய்.

"நான் கண்ணாடி பாக்கல. நீ பாத்து சொல்லு."

பார்த்தேன். முகவாயில், முதல்முதலில் வந்த அதே இடத்தில். மூக்கின் இரு பக்கமும் எண்ணெய் மின்னியது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் நீ என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே பொய் நிற்காது.

"இருக்கு புள்ள" என்றேன்.

"சரி" என்றாய். கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாய். "அப்பாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

நுரையீரலிலும் கல்லீரலிலும் பரவியிருந்தது. மருந்துகள் கொடுத்தார்கள். சாப்பாடு வாசனையே உனக்குப் பிடிக்காமல் போனது. கடைசி வாரங்களில் ஒரு மதியம், அங்கிளைக் கீழே சாப்பிட அனுப்பிவிட்டு நான் உன் பக்கத்தில் இருந்தேன். முகம் பிசுபிசுவென்று இருக்கிறது, துடைத்துவிடு என்றாய். செவிலியிடம் கேட்டுவிட்டு, உன் பையில் இருந்த ஜோஜோபா எண்ணெயைப் பஞ்சில் நனைத்து நெற்றியிலிருந்து மெல்ல மெல்லத் துடைத்தேன். உன் தோல் சுட்டது. பருக்களின் மேல் படாமல் ஓரம் பார்த்துப் போனேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன். அதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது.

"ஹவ்" என்றாய். கண்ணைத் திறக்கவில்லை. "உனக்கு?"

"ரொம்ப."

"நல்லது. எல்லாரும் பயப்படாதன்னே சொல்றாங்க. களைப்பா இருக்கு. நீயாவது கூடச் சேந்து பயப்படு."

அப்படியே செய்தேன். அன்று மதியம் முழுவதும் நாம் இருவரும் சேர்ந்து பயந்துகொண்டிருந்தோம். உன் மூச்சு சீரானது; தூங்கிப்போனாய். அதுதான் உன்னோடு நான் கடைசியாக இருந்தது. இரண்டொரு நாளில், நான் அலுவலகத்தில் இருந்தபோது அங்கிள் அழைத்தார். "போயிட்டாம்மா" என்றார். நான் அந்த ஜன்னல் பக்கம் போகாமல் வேறு வழியாக இறங்கி வந்தேன்.

அதன் பிறகு நான் யார் முகத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை. பேசுகிறவர்களின் கண்ணைப் பார்ப்பேன், இல்லையென்றால் தோளுக்குப் பின்னால் பார்ப்பேன். முகவாய்ப் பக்கம் பார்வை போகாது. என் மகளுக்குப் பரு வரத் தொடங்கி ஆறேழு மாதம் ஆகியிருக்க வேண்டும். குப்பியோடு அவள் நின்ற அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவளை அழைத்துக்கொண்டு அதே தோல் மருத்துவரிடம் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மகளைப் பார்த்தார், பேச வைத்தார், கை கால்களைப் பார்த்தார். "இந்த வயசுல வராம இருந்தாத்தான் நான் யோசிப்பேன்" என்று தெலுங்கில் சொன்னார். எனக்குப் போதவில்லை. ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்றேன். அவர் மறுக்கவில்லை. "இது உங்களுக்காக எழுதறேன், அவளுக்காக இல்ல" என்றார். எல்லாம் சரியாக இருந்தது. எண்ணெய் கேட்ட மகளுக்கு இரவில் பூச ஒரு களிம்பும், மென்மையாக முகம் கழுவச் சொல்லி ஒரு வார்த்தையும் கொடுத்து அனுப்பினார்.

ஊசி குத்திய கோபத்தில் இருந்த மகளிடம் அன்று உன்னைப் பற்றிச் சொன்னேன். முழுதும் சொன்னேன். அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

நேற்று அவளையும் கூட்டிக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகர் போனேன். அங்கிள் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தவர், அவள் நெற்றியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. அவருக்கும் எனக்கிருக்கும் அதே பயம்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் போனாள். தமிழில் பேசினாள், தடுக்கித் தடுக்கி. "தாத்தா, இது சும்மா பிம்பிள். பிளட் டெஸ்ட் எல்லாம் பண்ணிச்சு. ஒண்ணும் இல்ல. தொட்டு பாருங்க." குனிந்து நெற்றியை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் ஒரு விரலால் தொட்டார். "வலிக்குதாம்மா?"

"கொஞ்சம்."

"வலிக்கும், வலிக்கும்" என்று தலையாட்டினார். உள்ளே போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்தார். பிறகு மூன்று பேரும் சாப்பிட்டோம். அவளுக்கு அவரே தோசை சுட்டுப் போட்டார்.

திரும்பும் வழியில் காரில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. புருவத்துக்கு மேலே புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. உடனே எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் உன்னோடு சேர்ந்து பயந்து பழகியது. இனி என்னை விட்டுப் போகும் என்று தோன்றவில்லை. போக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டே, வீடு வந்து சேரும் வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.